விடுப்பில் வந்த படைவீரர் குடும்பத்தோடு கல்லூரிக் கால்பந்து பார்க்கப் போவதற்கு ஒரு வழிகாட்டி

தரைப்படையில் ஒரு ஜவானுக்கு ஆண்டுக்கு 60 நாள் வருடாந்திர விடுப்பும் 30 நாள் கேஷுவல் லீவும் உண்டு. ஊரில் வந்து இறங்கிய மறுநாளே அந்த நாள்களில் பங்கு கேட்டு ஆட்கள் வந்துவிடுவார்கள் என்பது விடுப்பில் வந்து பழகியவர்களுக்குத் தெரியும். போர்வெல் மோட்டார் பழுது, பட்டா மாறுதலுக்குத் தாலுகா அலுவலகம், பங்காளி வீட்டுச் சீர், குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட கிடாய், மாமனார் வீட்டு விருந்து என்று நாள்கள் கரைந்துபோய், கடைசி வாரத்தில் பெட்டி கட்டும்போதுதான் மனைவி மக்களோடு அரைநாள்கூடச் சேர்ந்து உட்காரவில்லை என்பது உறைக்கும். அப்படிச் சேர்ந்து உட்கார எனக்கு வாய்த்த நல்ல இடங்களில் ஒன்று கல்லூரிக் கால்பந்து மைதானம்.

என் மனைவியின் தம்பி கோவையில் ஒரு கல்லூரியில் கோல்கீப்பராக விளையாடிய மூன்று ஆண்டுகளிலும், நான் விடுப்பில் வந்தபோதெல்லாம், கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் குடும்பத்தோடு போய் அவன் ஆட்டங்களைப் பார்த்திருக்கிறோம். மாதக்கணக்கில் பாரக்கில் இருந்துவிட்டு வருகிறவருக்கு வீட்டில் பேச்சு உடனே வந்துவிடுவதில்லை. எதிரே உட்கார்ந்து ‘அங்கே எப்படி இருக்குதுங்க’ என்று கேட்டால் பதில் தொண்டையிலேயே நின்றுவிடும். மைதானத்திலோ எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறோம், பேசலாம், பேசாமலும் இருக்கலாம், பந்து ஒன்று நடுவில் இருப்பதால் மௌனம் யாருக்கும் கனமாக இருப்பதில்லை. ஆகவே ஆட்டத்துக்காக விடுப்பை வளைக்காமல், உங்கள் விடுப்புக்கும் வீட்டில் உள்ளவர்களின் உடம்புக்கும் பொருந்துகிற ஓர் ஆட்டத்தைத் தேடிக்கொள்ள வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது.

தேதியை வீட்டில் கேட்டு முடிவு செய்யுங்கள்

முதலில் திரும்பும் ரயில் டிக்கெட்டை உறுதி செய்துகொள்ளுங்கள். முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டதால், நீண்ட விடுப்பில் வருகிறவர்களுக்குத் திரும்பும் தேதிக்கான முன்பதிவு அவர்கள் கிளம்புகிற நேரத்தில்தான் திறக்கிறது. படையில் தரும் இலவசப் பயண வாரண்ட்டோ கட்டணச் சலுகைக்கான கன்செஷன் வவுச்சரோ கையில் இருக்கிறது என்ற தைரியத்தில் அதைத் தள்ளிப்போட்டால், ஆட்டம் பார்க்க வேண்டிய நாளில் டிக்கெட் கவுன்டரில் நிற்க நேரும். தேதி தெரிந்த பிறகு, வந்திறங்கிய முதல் நான்கு நாள்களையும் கிளம்புவதற்கு முந்தைய மூன்று நாள்களையும் காலண்டரில் அடித்துவிடுங்கள். இரண்டு மூன்று இரவுகள் ரயிலில் உட்கார்ந்து வந்த உடம்பு முதல் சில நாள்கள் தூங்கத்தான் கேட்கும், கடைசி நாள்களிலோ அம்மா முறுக்குச் சுடுவதும் மனைவி துணி மடிப்பதுமாக வீடே வேறு மனநிலையில் இருக்கும்.

இந்தக் கணக்கை நான் கற்றுக்கொண்டது ஒரு தவறினால்தான். ஒரு முறை, விடுப்பின் மூன்றாம் நாளே, காய்ச்சலிலிருந்து எழுந்திருந்த மகளையும் கூட்டிக்கொண்டு கோவைக்குப் போனேன். மாலை 3 மணிக்கு என்று சொல்லியிருந்த ஆட்டத்தைக் காலை 9 மணிக்கே மாற்றி நடத்தி முடித்திருந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இரண்டு ஆட்கள் மூலைக்கொடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். மகள் எதுவும் கேட்கவில்லை, அந்தக் கொடிகளை எண்ணிக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து முந்தின நாள் இரவும் கிளம்பும் நாள் காலையும் என இரண்டு முறை போன் செய்து நேரத்தை உறுதி செய்யாமல் நான் வீட்டுப் படியிறங்கியதில்லை.

தேதியை மனைவியிடம் கேட்டே வையுங்கள். நீங்கள் இல்லாத மாதங்களில் பள்ளிக்கூட பரீட்சை, பால் கணக்கு, மாமியாரின் மருந்துச் சீட்டு எல்லாம் அவர் தலையில்தான் ஓடியிருக்கிறது, எந்த ஞாயிற்றுக்கிழமை ஒழியும் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். ஊர் நோன்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மாரியம்மன் கோயிலில் கம்பம் நட்டுக் காப்புக் கட்டிவிட்டால் வெளியூரில் இரவு தங்கக் கூடாது என்ற வழக்கம் நம் பக்கத்தில் பல ஊர்களில் இன்றும் இருக்கிறது. அந்த நாள்களில் பெரியவர்களைக் கூட்டிப்போவதானால் இருட்டுவதற்குள் ஊர் திரும்பக்கூடிய ஆட்டமாக இருக்க வேண்டும். பொங்கல் வாரத்தில் கல்லூரி பூட்டியிருக்கும், செமஸ்டர் தேர்வு நெருங்கும் நாள்களிலும் ஆட்டம் இருக்காது.

எந்த ஆட்டம், எந்த மைதானம்

கல்லூரி ஆட்டங்களுக்குச் சுவரொட்டி ஒட்டுவது அபூர்வம். கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகள் பாரதியார் பல்கலைக்கழகத்திலும், சேலம், நாமக்கல் பக்கத்துக் கல்லூரிகள் பெரியார் பல்கலைக்கழகத்திலும், கரூர்க் கல்லூரிகள் பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும் இணைந்திருக்கின்றன. பொறியியல் கல்லூரிகளுக்கு அண்ணா பல்கலைக்கழகத்தின் ஸோன் (மண்டல) ஆட்டங்கள் தனியாக நடக்கும். உங்கள் தம்பியோ மைத்துனனோ படிக்கும் கல்லூரி எதில் சேர்ந்தது என்று தெரிந்துகொண்டு, அந்தக் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநரை நேரில் பார்த்தோ போனிலோ கேளுங்கள். மாணவர்கள் ‘பி.டி. சார்’ என்று கூப்பிடும் அவரிடம்தான் எந்த நாளில் யாரோடு யார் மோதுகிறார்கள் என்ற பிக்ஸர் தாள் இருக்கும். வீட்டுப் பையன் விளையாடவில்லை என்றாலும் கேட்கலாம், பார்க்க ஆள் வருகிறார்கள் என்றால் அவர்களுக்கு மகிழ்ச்சிதான்.

லீக் முறையா நாக் அவுட்டா என்று தவறாமல் கேளுங்கள். நாக் அவுட் என்றால், உங்கள் பையனின் அணி முதல் நாளே தோற்றால் நீங்கள் குறித்து வைத்த நாளில் அவன் மைதானத்தில் இருக்கமாட்டான். லீக்கில் குறைந்தது இரண்டு மூன்று ஆட்டம் உறுதி. விடுப்பு நாள்கள் குறைவாக இருப்பவர்களுக்கு லீக்கே ஏற்றது என்று நான் சொல்வேன். தோற்றால் வெளியே என்கிற பதற்றம் இல்லாததால் சிறுவர்களும் பெரியவர்களும் நிதானமாக ரசிக்கிறார்கள். இறுதி ஆட்டத்துக்குப் போனால் வேடிக்கை அதிகம்தான், ஆனால் பரிசளிப்பு, சிறப்பு விருந்தினர் உரை என்று நேரம் இழுத்துக்கொண்டே போகும், கைக்குழந்தை உள்ளவர்கள் தவிப்பார்கள்.

கோவை என்றதும் பலருக்கும் நேரு விளையாட்டரங்கம்தான் நினைவுக்கு வருகிறது. சென்னை சிட்டி அணி அதைச் சொந்த மைதானமாகக் கொண்டு விளையாடி, 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாப் அணியை 3-1 என்று வென்று ஐ-லீக் கோப்பையை எடுத்தது அங்கேதான். அந்தப் பெருமை அந்த இடத்துக்கு என்றும் உண்டு. ஆனால் அங்கே புல்தரைக்கும் கேலரிக்கும் நடுவில் ஓட்டப்பந்தயப் பாதை ஓடுகிறது, வீரர்கள் தள்ளியே தெரிவார்கள். பி.எஸ்.ஜி., சி.ஐ.டி., அரசு தொழில்நுட்பக் கல்லூரி, பெரியநாயக்கன்பாளையத்து ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் போன்ற வளாகங்களில் ஆட்டம் இருந்தால், கோட்டுக்குச் சில அடி தள்ளி நின்று, பந்து உதைபடும் சத்தத்தையும் ‘மேன் ஆன், மேன் ஆன்’ என்று பின்னாலிருந்து கத்தும் குரலையும் மிக அருகிலேயே கேட்கலாம். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நான் கல்லூரி மைதானத்தைத்தான் சொல்வேன்.

பெண் பிள்ளைகள் இருக்கும் வீட்டார் மாணவியர் ஆட்டத்தையும் விசாரியுங்கள். தமிழ்நாட்டு மகளிர் அணி 2017-18ஆம் ஆண்டிலும் 2022-23ஆம் ஆண்டிலும் தேசியச் சாம்பியன் ஆனது, முதல் முறை இறுதி ஆட்டத்தில் வென்றது கால்பந்துக்குப் பேர்போன மணிப்பூரை. என் மகள் அக்காமார்களின் ஆட்டம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்த வாரத்திலேயே, மாட்டுக்கொட்டகைச் சுவரில் கரியால் கோல் போஸ்ட் வரைந்துவிட்டாள்.

புறப்படும் ஏற்பாடு

வடக்கிலிருந்து வருகிற சில தொலைதூர ரயில்கள் கோவை சந்திப்புக்குள் நுழையாமல் இருகூரிலிருந்து போத்தனூர் வழியாகத் திரும்பிவிடும். ஆட்டம் பார்க்க உறவினர் யாராவது ரயிலில் வந்து சேர்ந்துகொள்வதாக இருந்தால் எந்த ஸ்டேஷன் என்பதை முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். பேருந்தில் வருகிறவர்களுக்கு, திருப்பூர், ஈரோடு, சத்தியமங்கலம் பக்கத்து வண்டிகள் காந்திபுரத்திலும், கரூர், திருச்சிப் பக்கத்து வண்டிகள் சிங்காநல்லூரிலும், பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து வண்டிகள் உக்கடத்திலும் இறக்கிவிடும். அங்கிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் போனால் வீட்டுப் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் கிடையாது. நான்கு பேர் ஒரே பைக்கில் ஏறிப் போவதை மட்டும் எக்காரணத்துக்கும் செய்யாதீர்கள். மலைச்சாலையில் கான்வாய் ஓட்டிய கை என்றாலும் அவிநாசி சாலையின் மாலை நேர நெரிசல் வேறு.

பி.டி. சாரிடம் இன்னும் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையில் மைதானத்துக்கு அருகே பெண்களுக்கான கழிப்பறை திறந்திருக்குமா, வயதானவரை மைதானத்தின் ஓரம் வரை வண்டியில் கொண்டுபோய் இறக்க வாட்ச்மேன் விடுவாரா என்பவை அவை. இவ்விரண்டுக்கும் ‘ஆமாம்’ என்ற பதில் கிடைக்கும் மைதானத்தையே தேர்ந்தெடுங்கள். எங்கள் அம்மா முதல் முறை வந்தபோது மதியத்திலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, காரணம் அவரே சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது.

சீருடையின் எந்தப் பகுதியையும் உடுத்திப் போக வேண்டாம். ரெஜிமென்ட் பெயர் பொறித்த டி-ஷர்ட்டும் தொப்பியும்கூட வீட்டிலேயே இருக்கட்டும். விடுப்புச் சான்றிதழையும் ராணுவ அடையாள அட்டையையும் உள் பையில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வாயிலில் அடையாளம் கேட்டால் ஆதாரையோ ஓட்டுநர் உரிமத்தையோ காட்டினால் போதும். அடையாள அட்டையை வாட்ச்மேனிடம் ஒப்படைத்துவிட்டு உள்ளே போகிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ராணுவ அட்டையை அப்படி எவரிடமும் கொடுக்கக் கூடாது, அதைத் தொலைத்தால் யூனிட்டில் என்ன நடக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய நண்பர்கள் ‘மைதானத்துக்கு வரும்போது கேன்டீன் சரக்கு ஒன்று எடுத்து வாடா’ என்பார்கள், கல்லூரி வளாகத்துக்குள் அது கூடவே கூடாது என்று அப்போதே சொல்லிவிடுங்கள். மாணவர்கள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், வீட்டுப் பையனுக்கும் அங்கே ஒரு பெயர் இருக்கிறது.

சாப்பாட்டைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு முடிவுக்கு வர மூன்று ஆட்டம் ஆயிற்று. தயிர்சாதம் வெயிலில் புளித்துவிட்டது, சந்தகை (இடியாப்பம் மாதிரியானது) காய்ந்து விறைத்துவிட்டது, கடைசியில் அரிசியும் பருப்பும் சாதம்தான் நிலைத்தது. சின்ன வெங்காயமும் பூண்டும் தாளித்து, சற்றே குழைய ஆக்கி, மேலே நெய் விட்டுத் தூக்குப்போசியில் அமுக்கி மூடினால் மாலை வரை கெடாது, ஆறினாலும் ருசி குறையாது. வீட்டிலேயே மதியச் சாப்பாட்டை முடித்துக் கிளம்பினாலும் இந்தப் போசி கூட இருக்கட்டும், ஏனென்றால் அது ஆட்டக்காரனுக்கு. இடைவேளையில் பிள்ளைகளுக்கு வேகவைத்த நிலக்கடலை போதும். தண்ணீரை மட்டும் நீங்கள் நினைப்பதைவிட இரண்டு மடங்கு எடுத்துப் போங்கள்.

மைதானத்தில் எங்கே உட்கார்வது

கால்பந்து மைதானத்தைப் பெரும்பாலும் வடக்கு தெற்காக நீட்டி அமைப்பார்கள், மாலை வெயில் எந்த கோல்கீப்பரின் கண்ணிலும் நேராக விழக்கூடாது என்பதற்காக. ஆகவே மேற்குப் பக்கக் கோட்டருகே உட்கார்ந்தால் வெயில் உங்கள் முதுகுக்குப் போய்விடும், பின்னால் ஒரு வேப்பமரமோ கட்டடமோ இருந்தால் நிழலும் கிடைக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியை வாரிக்கொண்டு மேற்கிலிருந்துதான் அடிக்கிறது, அந்த மாதங்களிலும் மேற்குப் பக்கமே நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் மழைக்குப் பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று அவசியம், குடை பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும்.

கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் பிள்ளைகளை நிற்க விடாதீர்கள். நல்ல காட்சி கிடைக்கும் என்று எல்லாப் பிள்ளைகளும் அங்கேதான் ஓடுவார்கள். ஆனால் கல்லூரி மைதானத்தில் போஸ்ட்டுக்குப் பின்னால் தடுப்பு வலை எதுவும் இருக்காது, குறிதவறிய பந்து ஒரு சிறுவனின் முகத்தில் பட்டால் மூக்கு உடையும். நடுக்கோட்டிலிருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளி, கோட்டுக்குச் சற்றுப் பின்வாங்கி விரிப்பைப் போடுங்கள். அப்பாரு (தாத்தா) தரையில் உட்கார முடியாதவர் என்றால் மடக்கு நாற்காலி ஒன்றைக் கொண்டுபோவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

அடுத்துச் சொல்லப்போவது படைவீரருக்கு மட்டும். பெரிய ஆட்டங்களில் மாணவர்கள் ஜமாப் மேளம் கொண்டுவருவார்கள், கோல் விழுந்தால் சரவெடி வைப்பவர்களும் உண்டு. எல்லைப் பகுதியிலிருந்து சமீபத்தில் வந்தவருக்கு அந்தத் திடீர்ச் சத்தத்தில் உடம்பு தானாகவே குனியும், நெஞ்சு படபடக்கும், சில நிமிடங்கள் யாரிடமும் பேசத் தோன்றாது. எனக்கு நடந்திருக்கிறது. அதில் இழுக்கு ஒன்றுமில்லை, ஆனால் முன்கூட்டியே மனைவியிடம் சொல்லி வையுங்கள். மேளக்காரர்கள் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று பார்த்து எதிர்ப்பக்கம் உட்காருங்கள், எழுந்து வெளியே போக வழி இருக்கிற இடமாகப் பாருங்கள். அப்படி ஆகிவிட்டால் ஐந்து நிமிடம் எழுந்து நடந்துவிட்டு வாருங்கள், குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு போவது இன்னும் நல்லது. அன்று என் மகள் என்னோடு மைதானத்தைச் சுற்றி நடந்துகொண்டே வழியில் கிடந்த வேப்பங்கொட்டைகளைப் பொறுக்கினாள். ஒரு சுற்று முடிவதற்குள் எனக்கு மூச்சு சீராகிவிட்டது. ஊருக்கு வந்து வாரக்கணக்கில் ஆகியும் இது நீடித்தாலோ, தூக்கம் கெட்டாலோ, திரும்பியதும் யூனிட் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

வீட்டாருக்கு ஆட்டத்தைப் புரியவைக்க

கொங்கு நாட்டில் கபடிக்கும் வாலிபாலுக்கும் கூடைப்பந்துக்கும் கூடுகிற கூட்டம் கால்பந்துக்குக் கூடுவதில்லை. வீட்டில் பெரியவர்கள் பலரும் முதல் முறையாகப் பார்ப்பார்கள், எல்லா விதிகளையும் ஒரே மூச்சில் சொன்னால் சலித்துவிடுவார்கள். அவர்கள் அளக்கிற அளவிலேயே சொல்லுங்கள். கோல் போஸ்ட் 24 அடி அகலம், 8 அடி உயரம், அதாவது நம் பக்கத்து மாட்டுக்கொட்டகை ஒன்றின் முகப்பளவு, அதை ஒரே ஆள் காக்கிறான். பெனால்டி உதைப்பது 36 அடி தூரத்திலிருந்து. இதைக் கேட்டதும் எங்கள் மாமனார், தன் மகன் நின்றிருந்த போஸ்ட்டை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, ‘அத்தனையும் இவன் ஒருத்தனே பாக்கறானாக்கும்’ என்றார். அதன் பிறகு ஆட்டம் முடியும் வரை அவர் கண் அந்தப் போஸ்ட்டை விட்டு நகரவில்லை.

ஆட்டம் முறைப்படி 45 நிமிடமாக இரண்டு பாதி, நடுவில் அதிகம் போனால் 15 நிமிட இடைவேளை. ஒரே நாளில் பல ஆட்டங்களை நடத்த வேண்டியிருந்தால் பாதியை 30, 35 நிமிடமாகக் குறைப்பதும் கல்லூரிப் போட்டிகளில் உண்டு. ஆஃப்சைடு ஒன்றுதான் எல்லோரையும் குழப்பும். அதை இப்படிச் சொல்லிப் பாருங்கள்: நம் ஆள் முன்னால் நிற்கும் கூட்டாளிக்குப் பந்தை உதைக்கிற அந்த நொடியில், அந்தக் கூட்டாளி எதிரணியின் பாதியில் பந்தையும் தாண்டி நின்றால், எதிரணியில் அவனுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவில் கீப்பரையும் சேர்த்து இரண்டு பேராவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காத்திருந்து திருடியதாகக் கணக்கு. கோட்டோரம் கொடி பிடித்து ஓடுகிறவரின் வேலையே பெரும்பாலும் அதைப் பார்ப்பதுதான் என்று சேர்த்துச் சொன்னால், பிள்ளைகள் பந்தை விட்டுவிட்டுக் கொடியைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

இடைவேளையில் பிள்ளைகளுக்குச் சொல்ல உங்களிடம் ஒரு நல்ல கதை இருக்கிறது. ஆசியாவிலேயே பழைய கால்பந்துப் போட்டியான டூரண்ட் கோப்பை 1888இல் தொடங்கியது. அதை நம் நீலகிரி வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணி 1955இலும் 1958இலும் வென்றிருக்கிறது. அந்த அணியின் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ், ஹைதராபாத்தில் பிறந்து படையில் சேர்ந்தவர், தொடக்கத்தில் சென்டர் பார்வர்டாக கோல் அடித்துக்கொண்டிருந்தவர். அவரைப் பிடித்துப் போஸ்ட்டுக்குள் நிறுத்தினார்கள். 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஒலிம்பிக் போட்டிகளுக்குப் போனார், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்தார், 1967இல் அர்ஜுனா விருது பெற்றார். அப்பாவின் வேலைக்கும் மைதானத்தில் ஓடும் பந்துக்கும் தொடர்பு இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரிகிற நேரம் அது. மேட்டுப்பாளையத்துக்கு மேலே மலையைக் கைகாட்டிச் சொல்லக்கூடிய தூரத்தில் வெலிங்டன் இருக்கிறது.

கோட்டோரத்தில் நின்று பரேடு கிரவுண்டுக் குரலில் ஆட்டக்காரர்களுக்குக் கட்டளையிட வேண்டாம். நடுவரின் முடிவு தவறென்று தோன்றினாலும் உள்ளே இறங்காதீர்கள். நீங்கள் யார் என்று பத்து நிமிடத்தில் மைதானம் முழுக்கத் தெரிந்திருக்கும், பேச்சு பையனின் மேல்தான் விழும்.

மேடை, போன், படம்

ராணுவ வீரர் வந்திருக்கிறார் என்று தெரிந்தால் பரிசளிப்பில் மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துவார்கள். அன்பாகச் செய்வதை மறுக்க வேண்டாம். ஆனால் மைக் பிடிப்பவரிடம் முன்கூட்டியே, உங்கள் பெயரையும் ஊரையும் மட்டும் சொன்னால் போதும், எந்த யூனிட், எந்த இடம், எப்போது திரும்புகிறார் என்பவற்றைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2020 ஜூலையில் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளைப் போனிலிருந்து நீக்கும்படி தரைப்படை உத்தரவிட்டது நினைவிருக்கும். நீங்கள் நீக்கியிருந்தாலும் மைத்துனனும் அவன் நண்பர்களும் படம் போட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். ‘மாமா பார்டரிலிருந்து வந்திருக்கிறார்’ என்று ஒரு வரி எழுதிவிட வேண்டாம் என்று அவர்களிடம் காரணத்தோடு சொல்லுங்கள், காரணம் சொன்னால் இளைஞர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். போனை அணைக்காதீர்கள், திரும்பி வரச்சொல்லி யூனிட்டிலிருந்து அழைப்பு வந்தால் அது எடுக்கப்பட வேண்டும்.

ஆட்டத்துக்கு முன்போ பின்போ, முன்னாள் மாணவர்களும் இன்றைய அணியும் மோதும் நட்பு ஆட்டத்துக்கு ஆள் குறைகிறது, நீங்களும் இறங்குங்கள் என்று கூப்பிடுவார்கள். தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிற உடம்புதானே என்று தோன்றும். இறங்காதீர்கள். ஓட்டம் வேறு, இருபது வயதுப் பையனோடு பந்துக்கு முட்டி மோதித் திரும்புவது வேறு, முழங்கால் தசைநார் அறுபடுவது அந்தத் திருப்பத்தில்தான். விடுப்பில் பட்ட காயத்துக்கு அருகிலுள்ள ராணுவ மருத்துவமனையில் காட்டுவதும் யூனிட்டுக்குத் தெரிவிப்பதும் விசாரணையும் உண்டு, முழு உடல்தகுதியைக் குறிக்கும் ஷேப் ஒன்று என்ற மருத்துவ நிலை இறங்கினால் பதவி உயர்வு, கோர்ஸ் எல்லாவற்றையும் அது தொடும். என்னோடு இருந்த ஒருவர் விடுப்பில் கோயில் திருவிழா ஆட்டத்தில் காலை ஒடித்துக்கொண்டு, மீதி விடுப்பு முழுவதையும் கட்டிலில் கழித்தார். குழந்தைகளோடு கோட்டுக்கு வெளியே பந்தை உருட்டி விளையாடுங்கள், அது போதும்.

ஆட்டம் முடிந்த பிறகு

விசில் ஊதியவுடன் கிளம்பிவிட வேண்டாம். பையன் ஜெயித்திருந்தால் அவன் நண்பர்களோடு கொஞ்ச நேரம் ஆடட்டும். தோற்றிருந்தால் பத்து நிமிடம் அவனைத் தனியே விடுங்கள், குறிப்பாகக் கீப்பரை. ஒரு முறை என் மைத்துனனின் கையில் பட்டு நழுவிய பந்துதான் தோல்வி கோலானது. அவன் போஸ்ட்டின் அடியில் உட்கார்ந்து, கையுறையின் பட்டையைக் கழற்றுவதும் மறுபடி ஒட்டுவதுமாக இருந்தான். அந்தச் சரசரப்பு நான் நின்ற இடம்வரை கேட்டது. நான் போய் ஏதாவது சொல்ல நினைத்தபோது மனைவி என் சட்டையைப் பிடித்து நிறுத்திவிட்டார். சற்று நேரம் கழித்து அவரே தூக்குப்போசியைத் திறந்து, தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போய், அவன் பக்கத்தில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்தார். பாதிச் சாதம் உள்ளே போன பிறகு அவனாகவே, ‘பந்து எகிறிடுச்சு அக்கா’ என்றான்.

திரும்பும் வழியில் அந்த கோலைப் பற்றி வண்டியில் யாரும் பேச வேண்டாம் என்று முன்பே சொல்லி வையுங்கள். வாயிலுக்கு வெளியே காளான் வண்டி இருந்தால் பிள்ளைகள் கேட்பார்கள், சேலத்துப் பக்கம் என்றால் தட்டுவடை செட், பொள்ளாச்சி வழி என்றால் இளநீர், அன்று ஒரு நாள் வாங்கிக் கொடுங்கள். பெரியவர்களோடு வந்தவர்கள் ஆறரை மணிக்குள் காந்திபுரத்தைத் தாண்டிவிட்டால் உட்கார இடத்தோடு பஸ் கிடைக்கும். விடுப்பு முடிந்து திரும்பிய பிறகு அணிக்கு மீதி ஆட்டங்கள் இருந்தால், ஒவ்வொன்றின் முடிவையும் மகனோ மகளோ உங்களுக்குப் போனில் சொல்லும்படி அன்றைக்கே அவர்களிடம் ஒப்படைத்துவிடுங்கள், பிக்ஸர் தாளை ஒரு போட்டோ எடுத்து அவர்கள் படிக்கும் மேசைக்கு மேலே ஒட்டிவிட்டுப் போங்கள்.